தவக்காலம் தடுமாறிப் போனது. ஈஸ்டர் மகிழ்ச்சி இனி வருமா?

தேவகோட்டை வாசகர்:
அம்மா படுத்த படுக்கை. ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு) பாதியில் நின்றது, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கும் போக முடியவில்லை. பாஸ்கா (ஈஸ்டர்) இரவுப் பூசையில் எல்லாரும் அல்லேலூயா பாடும்போது மனசு வெறுமையாகவே இருந்தது. நேற்றோடு திருவிழாவும் முடிந்துவிட்டது. விட்ட ஒருசந்தியை இப்போது பிடிக்கலாமா?

காரைக்குடி உபதேசியார்:
தம்பி, திருவிழா முடியவில்லை. அடுத்த ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும் பெருவிழாதான். இந்த வெள்ளிக்கிழமை கறி விலக்கவும் வேண்டாம். அதன் பிறகும் தூய ஆவி இறங்கிய திருநாளான பெந்தக்கோஸ்து வரை பாஸ்கா காலம், மொத்தம் 50 நாள்.

விட்ட ஒருசந்தியைக் கடன் அடைப்பதுபோல் பிடிக்காதீர்கள். திருச்சபைச் சட்டம் கேட்கும் ஒருசந்தி சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். மற்றவை நாமாக எடுத்துக்கொண்ட தவம். நோயாளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்ததைக் கடவுள் தவமாக ஏற்கமாட்டாரா?

வெறுமை பாவமில்லை. இந்த வாரத்து நற்செய்திகளை, தினம் ஒன்றாக, அம்மா காதில் விழும்படி வாய்விட்டு வாசியுங்கள். இன்று திங்கள், மத்தேயு 28:8-15: பெண்கள் அச்சமும் பெருமகிழ்ச்சியும் சேர்ந்தே ஓடுகிறார்கள். செவ்வாய், யோவான் 20:11-18: மகதலா மரியாவுக்கு அழுகையில் ஆண்டவரை அடையாளமே தெரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. புதன், லூக்கா 24:13-35: எம்மாவு வழியில் முகம் வாடிப்போன இருவர். வெள்ளி, யோவான் 21:1-14: இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு அவரே கரியில் மீன் சுட்டு வைத்திருக்கிறார். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட இவர்களில் யாருமே முதலிலேயே கலக்கமில்லாமல் இருக்கவில்லை. எனக்கு இந்த வாரத்தில் பிடித்ததே அதுதான்.

காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளை செபத்துக்குப் பதில் பெந்தக்கோஸ்து வரை ‘விண்ணக அரசியே’ என்ற மாதா செபத்தைச் சொல்லுங்கள். சின்னச் செபம், அடிக்கடி அல்லேலூயா வரும்; வாய் பழகினால் மனசு பின்னாலேயே வரும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மட்டும் டாக்டரையும் பாருங்கள்.

கல்லல் அக்கா:
பங்குச் சாமியிடம் சொல்லி இந்த வாரமே அம்மாவுக்கு வீட்டில் நற்கருணை (பூசையில் வாங்கும் அப்பம்) கொடுக்கச் சொல்லுங்க. சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையுண்ட சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். பாஸ்கா இரவில் மந்திரித்த தீர்த்தம் கோவிலில் இருக்கும், ஒரு பாட்டிலில் வாங்கி வைங்க.

தேவகோட்டை வாசகர்:
நற்கருணை வாங்கும் முன் அம்மா ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க முடியாதே அக்கா?

கல்லல் அக்கா:
நோயாளிக்கு அந்த ஒரு மணி நேர விதி கிடையாது, பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கலாம்.

அன்றைக்கு வெள்ளைப் பணியாரம் போடுங்க. ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து நைசாக அரைங்க. உப்பு, ஒரு சிட்டிகை சீனி, கரைக்கக் கொஞ்சம் பால். அரைத்த கையோடு சுட்டுவிடணும். மாவு புளித்தால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் மிதமாகக் காயட்டும், ஒவ்வொன்றாக ஊற்றி, மேலே எழும்பியதும் திருப்பி, சிவக்கும் முன்னே எடுத்துடுங்க. அம்மாவுக்குப் பொரித்தது சேராதென்றால் அதே மாவில் இரண்டு இட்லி ஊற்றுங்க, கெட்டியாக வந்தாலும் பாலில் ஊறவைத்தால் மெதுவாகிவிடும்.

தவக்காலம் முழுக்கக் கறி தொடாதவர்கள் முதல் நாளே மட்டனை நிறையச் சாப்பிட்டால் வயிறு மந்தமாகும். அதனால் முதலில் ரசம், கொஞ்சம் கோழி, கறிக்குழம்பு மறுநாள்.