மோனென்சின் கலந்த தீவனம்: எங்கள் பண்ணை அனுபவங்கள்

இறைச்சி மாடுகளைக் கொழுக்க வைக்கும் பண்ணையில் தீவனக் கலவையைப் பார்த்துக்கொண்டவன் நான். மாடு தின்னும் தீவனம் வீணாகாமல் எடையாக மாறுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் மருந்தான மோனென்சின் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கலக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு டன் தீவனத்துக்கு 30, 40 கிராம் மருந்துதான் போகிறது. மிக்சரில் நேராகக் கொட்டினால் ஒரு மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றுக்கு அளவுக்கு மீறிப் போகும். அதனால் முதலில் அரைத்த மக்காச்சோளத்தில் நன்றாகக் கலந்து, அந்தக் கலவையைத்தான் தீவனம் கலக்கும் வண்டியில் சேர்ப்போம்.

ஆரம்பத்தில் மாடு தீனியைக் கொஞ்சம் குறைக்கும். பயப்பட வேண்டாம். வயிற்றில் தீனி நொதிக்கும்போது உண்டாகி மாட்டுக்குச் சக்தி தரும் புரோப்பியோனேட் கூடுகிறது, மீத்தேனாக வீணாகும் சக்தி குறைகிறது. குறைந்த தீனியிலேயே எடை ஏறும். ஒரேயடியாக வாரி விழுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தொட்டிக்கு வரும், உப்புசமும் குறையும்.

குதிரை மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது. நான் பார்த்த ஒரு குதிரை, சிந்திக் கிடந்த, மோனென்சின் கலந்த மாட்டுத் தீவனத்தைத் தின்றுவிட்டது. உடம்பெல்லாம் வியர்வை, முன்னங்காலால் தரையைப் பிராண்டுகிறது, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. மருத்துவர் ஓடி வந்தார், பிழைக்கவில்லை. இந்த மருந்து இதயத் தசையையே தாக்குகிறது, முறிவு மருந்து கிடையாது. உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே குதிரைக்கு உயிராபத்து. மாடு தாங்கும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

*

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோனென்சின்தான் இருக்கிறதே, வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று வைக்கோலைச் சட்டென்று குறைத்து, தானியத்தை ஏற்றிய பண்ணை ஒன்றுக்குப் போனேன். தொட்டியைப் பார்ப்பதற்கு முன் சாணத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம், தண்ணீராக, மேலே நுரைக் குமிழி, நடுவே செரிக்காத சோள மணிகள். வயிற்றில் அமிலம் ஏறிவிட்டது. வைக்கோலைத் திரும்பக் கூட்டி, தானியத்தை மூன்று, நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றச் சொன்னேன். சோடா உப்பு ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

அமிலத்தால் வயிற்றுச் சுவர் புண்ணாகி, அதன் வழியே கிருமி ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். அதைத் தடுக்க டைலோசின் கலக்கிறார்கள். அது ஆன்டிபயாட்டிக், மனிதருக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவிலேயே 2017 முதல் கால்நடை மருத்துவரின் உத்தரவு இல்லாமல் தீவனத்தில் கலக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு மிகச் சரி என்பேன். ஈரலைக் காக்க முதல் வழி தீவனத்தை ஒழுங்காக ஏற்றுவதுதான்.

*

சார், தசை ஏற்றும் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒன்றான ராக்டோபமைனை, மாட்டை அறுப்புக்கு அனுப்புவதற்கு முந்தைய கடைசி 28 முதல் 42 நாள் கொடுப்பார்கள். எடை நன்றாகவே ஏறும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அதைத் தடை செய்திருக்கின்றன, அங்கே இறைச்சி அனுப்ப நினைப்பவர்கள் தொடவே கூடாது. அதே வகையைச் சேர்ந்த ஜில்பாட்டெரால், மாடுகள் நடக்கச் சிரமப்பட்டதாகப் புகார் எழுந்த பிறகு 2013ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. வெயிலில், கனத்த உடம்போடு லாரியில் ஏற மறுத்து நிற்கும் மாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வகை மருந்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.