நர்மதை பரிக்கிரமா: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

தென்கரை:
நர்மதை நதியை நடந்தே முழுதாகச் சுற்றிவரும் பரிக்கிரமாவுக்கு ஓங்காரேஷ்வரில் சங்கல்பம் செய்துவிட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். நதி எப்போதும் வலக்கைப் பக்கம், குறுக்கே கடக்கக் கூடாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பர்வானிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், உச்சி வெயில். ஒரு பாட்டி வாசலில் இருந்தே "நர்மதே ஹர்" என்று குரல் கொடுத்தார். உள்ளே போய் ஒரு தட்டில் கோதுமை மாவும், மேலே ரெண்டு பச்சை மிளகாயும், ஒரு பொட்டலம் உப்பும் கொண்டுவந்தார். துண்டை விரித்து வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் காலில் விழுந்துவிட்டார். என் அம்மா வயசு இருக்கும். அவர் நெற்றி என் பெருவிரலில் பட்டது. கால் முழுக்கப் புழுதி, அந்த விரல் நகம் வேறு கறுத்துப் பெயர்ந்திருந்தது.

பேர், ஊர், சாதி, வேலை எதையும் அவர் கேட்கவில்லை. அந்த வழியில் நான் வெறும் "பாபாஜி". அந்தக் கும்பிடு மையாவுக்கு, அதாவது நர்மதைத் தாய்க்கு, எனக்கில்லை, சரி. ஆனால் நெற்றி பட்டது என் காலில்தானே? அப்படியானால் அங்கே நின்றது யார்? வீட்டுக்கு வந்து பென்ஷன், ரேஷன் என்று எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இது மட்டும் தீரவே இல்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பொருநைக்காரன்:
சார், "நான் யார்" என்று கேட்கிறீர்கள். அந்தப் பாட்டி யார் என்றும் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் நர்மதையில் கட்டிய சர்தார் சரோவர் அணையால் வீடும் நிலமும் இழந்தவர்கள் ஏராளம். அணை 138.68 மீட்டர் உயரம், 2017இல் திறந்தார்கள். பர்வானி ராஜ்காட்டில் காந்தியின் அஸ்தி வைத்திருந்த நினைவிடத்தையே இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

அங்கே எனக்கு டீ கொடுத்த ஒருவர் தண்ணீரைக் கைகாட்டி, "என் வீடு அங்கேதான் இருந்தது" என்றார். சொல்லி முடித்த கையோடு அதே தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டை விழுங்கிய நதியைக் கும்பிட அவருக்கு முடிகிறது. நாம் கொஞ்ச மாதம் பேரை மறந்து நடந்ததைப் பெரிய அனுபவம் என்கிறோம். அவர் முன்னால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

மாதாராம்:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் சாரின் கேள்வியை அதை வைத்துத் தள்ளிவிட முடியாது. சூல்பாணிக் காட்டில் முன்பெல்லாம் பில் பழங்குடி மக்கள் பரிக்கிரமாவாசிகளிடம் உடுத்திய துணிவரை பறித்துக்கொள்வார்களாம். மையாதான் பற்றை அறுக்கிறாள் என்று அதையும் ஏற்றுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அந்தப் பழைய பாதையில் பெரும்பகுதி இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில். எனக்கு அந்த மலைக்காரர்கள்தான் ரொட்டி சுட்டுப் போட்டார்கள்.

என்னை உலுக்கியது விமலேஷ்வர் படகு, நதி கடலில் சேரும் இடத்தில் தென்கரையிலிருந்து வடகரைக்குப் போவது. நடுவில் ஒரு கட்டத்தில் ரெண்டு கரையும் தெரியவில்லை. அத்தனை நாள் வலக்கைப் பக்கம் இருந்தவள் எல்லாப் பக்கமும் இருந்தாள். அழுதுவிட்டேன், ஏன் என்று இன்னும் தெரியாது.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். தேவ் உட்னி ஏகாதசிக்கு (கார்த்திகை வளர்பிறை ஏகாதசி) அப்புறம் கிளம்புங்கள், அதற்கு முன்னால் சாதுர்மாசம் என்கிற நாலு மழை மாதம், நடை கூடாது. விமலேஷ்வரில் கடல் ஏற்றம் பார்த்துத்தான் படகு விடுவார்கள், அவசரப்பட்டால் நடக்காது. அக்கரையில் மீட்டி தலாயில் இறங்கும்போது சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு வாங்கி உடனே கிளம்பாதீர்கள், வீட்டில் இருக்கும்போதே போட்டுப் பழக்குங்கள். நதி பிறக்கும் அமர்கண்டக்கில் குளிர் எலும்புவரை ஏறும், கம்பளி கட்டாயம். ஆசிரமங்களில் மாவு, பருப்பு சதாவிரதமாக, அதாவது தானமாக, கொடுப்பார்கள், சமைத்துக்கொள்ள ஒரு சின்னப் பாத்திரம் போதும். கூடவே எடுத்துப்போகும் நர்மதைத் தண்ணீர் குப்பியைத் தரையில் வைக்காதீர்கள். மூட்டு வலி இருந்தால் பஸ் பரிக்கிரமா போங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வடகரை:
அக்கா, பஸ்ஸில் போவதில் குறைவில்லை என்று நீங்கள் சொல்லலாம். வழியில் நான் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நேமாவரில் ராத்திரி, வெறுங்காலில் நடந்த ஒருவர், செருப்போடு வந்த ஒரு பெரியவரைத் தன் பக்கத்தில் பாய் விரிக்க விடவில்லை. "நீ நடப்பது பரிக்கிரமாவே இல்லை" என்றார். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் படுத்தார். நதிக்கரையில் "நான்" கரைந்துவிடும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். 1,312 கிலோமீட்டர் நதியை ரெண்டு கரையிலும் சுற்றி வந்தும் "நான்" தடித்துப்போனவர்களை நான் பார்த்தேன். சார் கேட்ட கேள்வியை அந்த வெறுங்கால்காரர் ஒருநாளாவது கேட்டிருந்தால் பெரியவர் அந்தப் பனியில் திண்ணைக்குப் போக வேண்டியிருந்திருக்காது.

மண்ட்லாவில் இருந்து திண்டோரி வரைக்கும் வடகரையில் நதியை ஒட்டியே பாதை இருக்கிறதா, ரோட்டில்தான் போக வேண்டுமா? போன தடவை அங்கே முடியாமல் நிறுத்திவிட்டேன். இந்தக் கார்த்திகைக்கு அப்புறம் மறுபடி கிளம்புகிறேன், நடந்தவர்கள் சொல்லுங்கள்.