அட்டை கிண்ணம்போல வளைகிறது: பைண்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பரண்வாசி:
பரணில் அத்தையின் தகரப் பெட்டிக்குள் தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. கடையில் வாங்கியது அன்று. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, பைண்டரிடம் கொடுத்துக் கட்டியது. காலிகோ துணி ஒட்டிய முதுகு, மார்பிள் தாள் ஒட்டிய அட்டை. கதையைவிடத் தாள்களின் மறுபக்கங்களையே அதிகம் படித்தேன்: பாதி சோப்பு விளம்பரம், கேள்வி மட்டும் மிஞ்சிய ஒரு டாக்டர் ஜோக்.

அந்த மயக்கத்தில் ஏ4 தாள்களை இரண்டாக மடித்து நானே ஒரு நோட்டுத் தைத்தேன். மைதாப் பசை காய்ந்ததும் அட்டை கிண்ணமாகிவிட்டது. திறந்தால் தாள்கள் முள்ளம்பன்றிபோல நிற்கின்றன. அத்தையின் புத்தகத்திலும் நூல் அறுந்திருக்கிறது. பிரித்துத் தைக்கலாமா?

நகல்கடை:
எதற்கு இவ்வளவு பாடு? முதுகை வெட்டிப் பசை போட்டு லேமினேஷன் அட்டை ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

குத்தூசி:
ஐயா, அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். அப்பாவின் பைண்டிங் கடையில் பசை கிண்டி வளர்ந்தவன் சொல்கிறேன். கம்பிப் பின்னைப் பிடுங்கிப் பிரித்த இதழ்த் தாள்கள் ஒற்றை ஒற்றையாகிவிடும். மடிப்பில் தைக்க வழியில்லை. அதனால்தான் ஓரத்தில் துளையிட்டுப் பக்கத் தையல் போட்டிருப்பார்கள், உள் ஓரத்து எழுத்துகளையும் தையல் விழுங்கியிருக்கும். இன்னொரு முறை வெட்டினால் வரிகளே போய்விடும். பழைய துளைகளிலேயே மெழுகு தடவிய நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். செல்லோடேப் பக்கமே போகாதீர்கள்.

நோட்டுக்கு வருவோம். தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. செய்தித்தாளைக் கிழித்துப் பாருங்கள், ஒரு திசையில் நேராகக் கிழியும், மறுதிசையில் கோணும். அந்த ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும். ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். இரண்டாக மடித்தால் குறுக்கே வந்துவிடும். முள்ளம்பன்றிக்குக் காரணம் அதுதான். அட்டையின் வெளித்தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கிறது. உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இழுப்புச் சமமாகும். பிறகு ஓர் இரவு பாரம் வையுங்கள்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்போம். அது விஷம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டாம்; கொஞ்சமாகக் கிண்டி அன்றே தீர்த்துவிடுங்கள்.

பரண்வாசி:
பெரிய தாள் வாங்கி ஓட்டம் பார்த்து வெட்டி, புதிதாக ஒன்று தைத்தேன். அட்டை நேராக நிற்கிறது. பாரத்துக்கு அம்மிக் குழவியை வைத்திருந்தேன். காலையில் சட்னிக்குத் தேடிய அம்மாதான் இன்னும் சமாதானமாகவில்லை. அத்தையின் புத்தகத்துக்கு நூல் மட்டும் கோத்தேன். அந்த டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று யாருக்காவது தெரியுமா?