“ஓம், அடிச்சனான்… ஆனால்”: லண்டன் கோர்ட்டில் நாங்கள் பட்ட பாடு

வழக்கு முடிஞ்சு கனகாலம், அதால எழுதுறன். அண்ணாவின்ர மகன் பெற்றோல் நிலையத்தில இரவு வேலை. பியர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவனை மறிக்கப்போய், அவன்ர பல்லு உடைஞ்சுபோச்சு. களவெடுத்தவனை விட்டிட்டு, 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 47ஆம் பிரிவில, அதாவது அடிச்சுக் காயப்படுத்தின குற்றத்துக்கு, எங்கட பெடியனைச் சார்ஜ் பண்ணிப் பிணையில விட்டினம்.

மஜிஸ்ட்ரேட் கோர்ட் தாழ்வாரத்தில லோயர் கால் மணித்தியாலம் கதைச்சார். இண்டைக்கே கில்டி, அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளுறன் எண்டால் தண்டனையில மூன்றில ஒன்று குறையும். பிந்தினால் கூடினது கால்வாசி. விசாரணை தொடங்கிற அண்டைக்கு எண்டால் பத்தில ஒன்றுதான். பெடியன் என்ர காதுக்க கேட்டான்: “சித்தப்பா, குறையுமெண்டால் சொல்லிப்போட்டு வீட்ட போவமா?”

உள்ளுக்க மூன்று மஜிஸ்ட்ரேட்டுகள். அவை லோயர்மாரில்லை, சம்பளமும் இல்லை. சட்டம் சொல்லிக் குடுக்கிறது முன்னால இருக்கிற சட்ட ஆலோசகர் அம்மாதான். அவ குற்றச்சாட்டை வாசிச்சு, பதில் என்னெண்டு கேட்டா. பெடியன் லோயர் சொன்னதெல்லாத்தையும் மறந்து, “ஓம், அடிச்சனான். ஆனால் அவன்தான் முதல்ல என்ர கழுத்தைப் பிடிச்சவன்” எண்டான். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க, அந்த அம்மா பேனையைக் கீழ வைச்சிட்டா. தற்காப்புக்கு அடிச்சதெண்டால் அது கில்டி இல்லையாம். லோயரோட கதைச்சிட்டு வரச்சொல்லி வெளிய அனுப்பிச்சினம்.

அங்கதான் எனக்கு விளங்கினது. “அடிச்சனியோ?” எண்டு ஆரும் கேக்கேல்லை. சட்டம் சொல்லுற குற்றத்தை முழுசா ஒப்புக்கொள்ளுறியோ எண்டதுதான் கேள்வி. “குற்றவாளி இல்லை” எண்டு தமிழில சொல்லேக்க சாமிக்கு முன்னால பொய்ச்சத்தியம் பண்ணுறமாதிரி இருக்கு. அங்க அதுக்கு “ஏலுமெண்டால் நிரூபியுங்கோ” எண்டுதான் அர்த்தம்.

திரும்பிப் போய் நொட் கில்டி எண்டான். தாங்களே விசாரிக்கலாம் எண்டு மஜிஸ்ட்ரேட்டுகள் சொன்னாலும், இவன் பொதுமக்கள் 12 பேர் இருந்து தீர்ப்புச் சொல்லுற ஜூரிதான் வேணுமெண்டு நிண்டிட்டான்.

நாலு கிழமையில ஜூரி இருக்கிற மேல்கோர்ட், கிரவுன் கோர்ட். லோயர்மார் பி.ரி.பி.எச். எண்டு சொல்லுற தவணை, பதிலைக் கேட்டு விசாரணைக்கு ஆயத்தம் பண்ணுறது. அண்ணி அதைத்தான் விசாரணை எண்டு நினைச்சு, விரதமிருந்து திருநீறும் கொண்டு வந்தவ. கண்ணாடிக் கூண்டுக்க எழுப்பிக் குற்றப்பத்திரத்தை வாசிச்சினம், இவன் ரெண்டு சொல்லுச் சொன்னான், முடிஞ்சுது. மிச்ச நேரம் முழுக்க நீதிபதியும் பரிஸ்டர்மாரும் சிசிடிவி எப்ப வரும், எந்தச் சாட்சி வேணும் எண்டு திகதி குறிச்சுக்கொண்டிருந்தவை. விசாரணைக்குத் தவணை 14 மாதம் தள்ளி. அண்டைக்குப் பல்லு உடைஞ்சவன் வரேல்லை, அரசதரப்பு வழக்கைக் கைவிட்டிட்டுது.

பதில்:
நான் முந்தி கோர்ட்டில மொழிபெயர்ப்பு வேலை செய்தனான். வழக்கு விவரம் சொல்லமாட்டன். எனக்குப் பெரிய தலையிடி எங்கட ஆக்களின்ர “ஓம், ஓம்” தான். கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான் தலையாட்டுவினம். வெள்ளைக்காரருக்கு அது ஒப்புக்கொண்டமாதிரி. அதால முதல்லயே கோர்ட்டுக்குச் சொல்லிப்போடுவன். ஒருத்தர் நிலத்தைப் பாத்தபடி வாயே திறக்கேல்லை. வேணுமெண்டே பேசாமல் நிண்டால் நொட் கில்டி எண்டு பதியலாம், 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில அப்பிடி இருக்கு. பழைய காலத்தில அப்பிடிப் பேசாமல் நிண்டவையின்ர நெஞ்சில பாரம் ஏத்துவினம், 1772இலதான் அதை நிப்பாட்டினவை. 1586இல யோர்க் நகரத்தில மார்கரெட் கிளித்தரோவை அவவின்ர வீட்டுக் கதவையே மேல வைச்சு நெரிச்சுச் சாக்காட்டினவை. பதில் சொல்ல மறுத்ததுக்கு!

பதில்:
சாட்சி வராது எண்டு நம்பித்தான் என்ர மச்சானும் கடைசிவரைக்கும் இழுத்தவன். 12 மாதத் தண்டனை எண்டால் முதல் நாளே சொல்லியிருக்க 8 மாதம், விசாரணையண்டு சொன்னால் கிட்டத்தட்ட 11. அண்டைக்குக் காலமை நாங்கள் உள்ளுக்க போகேக்க சாட்சி சொல்ல வேண்டிய மனுசி வாசல் வாங்கில குடையோட இருந்தவ. மச்சான் லோயரைத் தேடி ஓடினான்.