குடும்பம், வகுப்பறை, பள்ளித் தலைமைத்துவ மேற்படிப்பு: மூன்றையும் எப்படிக் கொண்டுசெலுத்துகிறீர்கள்?

கேள்வி: அறிவியல் ஆசிரியை

வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வேலையை விடாமல், பள்ளித் தலைமைத்துவத்தில் முதுகலைப் படிப்பைப் பகுதி நேரமாகத் தொடங்கி, முதல் பருவத்தை முடித்திருக்கிறேன். வீட்டில் பள்ளி செல்லும் இரு குழந்தைகளும் நோயுற்ற மாமியாரும் இருக்கிறார்கள். கணவர் சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிறவர். ஆனால் எதை, எப்போது சொல்ல வேண்டும் என்பதை நாள் முழுவதும் மனத்தில் சுமந்துகொண்டிருப்பது நான்தான்.

குழந்தைகள் உறங்கிய பிறகு படிக்க உட்கார்ந்தால், திருத்தாத விடைத்தாள்கள் நினைவுக்கு வருகின்றன. விடைத்தாள்களை எடுத்தால், சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரை உறுத்துகிறது. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு மாமியாரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட என் மனம் அங்கே முழுமையாக இருப்பதில்லை. அவருக்கும் அது தெரிகிறது. கால அட்டவணை போட்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியும் இந்த நிலை மாறவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தப் படிப்பு எனக்கு வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள், சந்தேகம் கேட்கக்கூட ஆளின்றித் தனித்து விடப்பட்டு, சில ஆண்டுகளிலேயே தொழிலை விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தாங்கி வளர்க்கிற ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அடுத்த பருவத்தில் களப்பயிற்சி தொடங்குகிறது. ஆய்வுத் தலைப்பையும் முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பாதையைக் கடந்தவர்கள் எவற்றை விட்டுக்கொடுத்தீர்கள், எவற்றை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: துணைத் தலைமையாசிரியர்

அட்டவணையைப் பின்பற்றியும் பயனில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே எழும் முரண்பாட்டைப் பற்றி கிரீன்ஹவுஸ், பியூட்டெல் ஆகிய இருவரும் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அம்முரண்பாட்டை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு பொறுப்புக்குச் செலவிடும் நேரம் இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போவது முதல் வகை. ஓரிடத்தில் சேர்ந்த களைப்பும் பதற்றமும் மற்ற இடத்தைப் பாதிப்பது இரண்டாவது. ஓரிடத்துக்குப் பொருந்தும் நடத்தை மற்ற இடத்தில் பொருந்தாமல் போவது மூன்றாவது. அட்டவணையால் சரிசெய்ய முடிவது முதல் வகையை மட்டுமே. நீங்கள் விவரிக்கும் துன்பத்தில் பெரும்பகுதி இரண்டாவதைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு எனக்கு உதவிய பழக்கம் மிக எளிமையானது. ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தும்போது, எதுவரை வந்திருக்கிறேன், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பதை ஓரிரு வரிகளில் எழுதி வைத்துவிட்டே எழுந்திருப்பேன். "அடுத்த பத்தியில் இந்த இரு ஆய்வுகளும் எங்கே முரண்படுகின்றன என்று எழுத வேண்டும்" என்ற அளவுக்குக் குறிப்பு திட்டவட்டமாக இருக்க வேண்டும். பொதுவாக "கட்டுரையை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் பயன் இராது. மனம் அதை மீண்டும் மீண்டும் புரட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாள் முழுவதும் வழிநடத்தியும் மதிப்பிட்டும் பழகிய குரல் வீட்டுக்குள்ளும் அப்படியே வந்துவிடுகிறது. தலைமைத்துவப் பயிற்சி முன்னேற முன்னேற இது கூடுகிறது. ஏனெனில் பிறருடைய பாடவேளையைக் கவனித்துக் குறிப்பெடுக்கவும், குறை எங்கே என்று கண்டறியவும் நம்மைப் பயிற்றுவிக்கிறார்கள். அந்தக் கண்ணோடு சொந்தக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அந்த மாலை வேளை இருவருக்கும் பாழாகிவிடும். பள்ளி முடிந்ததும் சிறிது நேரம் எதையும் செய்யாமல் அமர்ந்துவிட்டுப் பிறகே வீட்டுக்குப் புறப்படுவதை நான் படிப்பு முடியும்வரை கைவிடவில்லை.

நான் விட்டுக்கொடுத்தது, எல்லா நோட்டுகளையும் வரிவரியாகத் திருத்துவதை. மாணவர்கள் பொதுவாகச் செய்யும் பிழைகளைத் தொகுத்து, மறுநாள் வகுப்பிலேயே அவர்களைக் கொண்டு திருத்தவைத்தேன். கற்றல் குறையவில்லை என்றே கருதுகிறேன்.

ஆய்வுத் தலைப்பு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: புதிய ஆசிரியர்களுக்கான ஆதரவு. விவியன் ராபின்சனும் அவருடன் இணைந்து ஆராய்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வில், அவர்கள் வகுத்த ஐந்து தலைமைக் கூறுகளுள் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக வெளிப்பட்டது, தலைவர் ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பதுதான். அதன் விளைவு அளவு, அதாவது அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண், 0.84. உங்கள் அன்றாடப் பணியிலிருந்தே ஆய்வு எழுமானால், பள்ளியில் செலவிடும் அதே நேரம் படிப்புக்கும் பயன்படும். உங்கள் வகுப்பையே ஆய்வுக் களமாகக் கொண்டால் இன்னும் எளிது.

மறுமொழி: இறுதிப் பருவ மாணவி, தொடக்கப்பள்ளி ஆசிரியை

சகோதரி, உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியைப் பற்றி அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அதில் நான்கு படிகள் இருப்பதாகக் காட்டுகிறது: தேவையை முன்கூட்டியே உணர்வது, அதை நிறைவேற்றும் வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதியரிடையே முடிவெடுத்தல் பெரும்பாலும் இருவராலும் பகிரப்பட்டது. முதல் படியும் கடைசிப் படியும்தான் பெண்கள் மீது மிகுதியாக விழுந்தன. அதாவது, பிறர் கண்ணுக்கு வேலையாகவே தெரியாத பகுதிகள் நம்மிடம் தங்கிவிடுகின்றன. படிக்க அமரும்போது இடைமறிப்பதும் அந்தப் பகுதிகள்தாம்.

எனவே, ஒரு பொறுப்பை நான்கு படிகளோடும் முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளின் உடல்நலம் முழுவதும் என் கணவருடையது. மருத்துவரைப் பார்க்கும் நாளை நினைவில் வைத்திருப்பது, மருந்து தீர்வதற்கு முன் வாங்குவது, பள்ளிக்குத் தகவல் தருவது எல்லாவற்றையும் அவரே செய்கிறார். நான் நினைவூட்டுவதில்லை. முதலில் சில வாரங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது மிகக் கடினமாக இருந்தது. அவர் வேறு முறையில் செய்தபோது தலையிடாமல் இருப்பது அதைவிடக் கடினம். ஒன்று சொல்கிறேன்: உடன் பணியாற்றும் ஓர் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகி நிற்கத் தெரியாத ஒருவரால் பள்ளியை நடத்த இயலாது என்று நம் பாடங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தத் திறமைக்கு எனக்கு வீட்டைப் போல நல்ல பயிற்சிக்களம் வேறு அமையவில்லை.

உங்கள் மாமியாரோடு இருக்கும் நேரத்தைப் படிப்போடு கலக்காதீர்கள். அவருக்கு அருகில் அமர்ந்து கட்டுரை படிப்பது இரண்டையும் சேர்த்துச் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் நடைபெறாது.

மறுமொழி: ஆய்வு வழிகாட்டி

துணைத் தலைமையாசிரியர் சொன்ன கடைசி ஆலோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1946-இல் குர்ட் லெவின் செயல் ஆய்வைப் பற்றி எழுதிய காலந்தொட்டே, பணியிடத்தில் எழும் சிக்கலைப் பணியில் இருப்பவரே ஆராயலாம் என்ற மரபு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால், மதிப்பெண் போடுபவரே ஆய்வில் பங்கேற்க ஒப்புதலும் கேட்கும்போது மாணவர்களால் மறுக்க இயலுமா என்ற கேள்வியை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கட்டாயம் எழுப்பும். மாணவர்கள் வயதில் சிறியவர்கள் என்பதால் பெற்றோரின் ஒப்புதலும் தேவைப்படும். திருத்தி, மீண்டும் சமர்ப்பித்து, காத்திருப்பதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடக்கூடும். நேரத்தை மிச்சப்படுத்த எடுத்த முடிவே நேரத்தை விழுங்கிவிடும்.

புதிய ஆசிரியர்களை, அதிலும் உங்கள் மதிப்பீட்டுக்கு உட்படாதவர்களை, நேர்காணல் செய்வது உங்கள் சூழ்நிலைக்கு உகந்தது. முடிந்தால் அவர்கள் வேறு பள்ளியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். சொந்தப் பள்ளியில் மூன்று பேர் மட்டுமே புதியவர்கள் என்றால், பெயரை மறைத்தாலும் யார் எதைச் சொன்னார் என்பது தலைமையாசிரியருக்குப் புரிந்துவிடும். நேர்காணல்களைத் தேர்வுக் காலத்திலும் ஆண்டின் முதல் வாரங்களிலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

களப்பயிற்சியையும் ஆய்வு முன்மொழிவையும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டும் என்று உங்கள் துறை கட்டாயப்படுத்துகிறதா என்று விசாரியுங்கள். பகுதி நேர மாணவர்களுக்குப் பல துறைகளில் இவற்றைப் பிரித்து எடுக்க இடமுண்டு, கேட்பவர்கள்தாம் குறைவு. வீட்டில் நோயுற்றவர் இருப்பதை வழிகாட்டியிடம் இப்போதே தெரிவியுங்கள். நெருக்கடி வந்த பிறகு கெடு நீட்டிப்புக் கேட்கும் மாணவரைவிட, முன்பே சொல்லிவைத்த மாணவருக்காகத் துறையில் பேசுவது எங்களுக்கு எளிது.

மறுமொழி: அறிவியல் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கணவரோடு அமர்ந்து பேசினேன். மாமியாரின் மருத்துவப் பொறுப்பு முழுவதையும், நினைவில் வைத்திருப்பது உட்பட, அவரே ஏற்றுக்கொள்கிறார். அவருடைய தாயார் என்பதால் இது இருவருக்குமே இயல்பாகத் தோன்றியது. முன்மொழிவைக் களப்பயிற்சிக்கு அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று துறைக்கு எழுதியிருக்கிறேன். அனுமதி கிடைத்தால் பட்டம் பெறுவது ஒரு பருவம் தாமதமாகும்; அதை ஏற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன்.

ஆய்வு வழிகாட்டி அவர்களிடம் ஒரு கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் பணியை விட்டுச் சென்ற ஆசிரியர்களையும் நேர்காணலில் சேர்க்கலாமா? அவர்கள் இப்போது எவருக்கும் கீழ் பணியாற்றவில்லை என்பதால் தயங்காமல் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: ஆய்வு வழிகாட்டி

தாராளமாகச் சேர்க்கலாம். பணியில் இருப்பவர்களையும் விலகியவர்களையும் தனித்தனிக் குழுக்களாக வைத்துக்கொள்ளுங்கள்; விலகியவர்கள் கடந்த காலத்தை நினைவிலிருந்து சொல்வதால், இரண்டையும் ஒரே தரவாகக் கலந்துவிட்டால் பகுப்பாய்வில் சிக்கல் வரும். பள்ளி வழியாக அவர்களைத் தேடாமல், அறிமுகமானவர்கள் மூலம் நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள்.