பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் எழுதத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் என் மகள் நாலாவது படிக்கிறாள். கால் ஊன்றி நடக்க வராது. வாராவாரம் வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அக்கா இப்போது வருவதில்லை. கேட்டால் "நிதி வரலைங்க" என்கிறார்கள். 2024-25-இல், இந்த மாதிரிப் பயிற்சிக்கும் பணம் தரும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திய செய்தி தெரியும். அது பெரிய வழக்கு. ஆனால் பிள்ளை பிடித்து நடக்க வராண்டாவில் கட்டிய கம்பியில் ஈரத்துணி காய்கிறது, அதைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். தீர்மானத்தில் என்னென்ன எழுதணும், யாருக்கெல்லாம் நகல் அனுப்பணும்? சிவகங்கையில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்துப் பலன் கண்டவர்கள் சொல்லுங்கள். தேவகோட்டை, கோட்டையூர் பக்கம் இதே நிலையில் பெற்றோர் இருந்தால் சேர்ந்தே போகலாம்.