பாம்புக்கடி கையேடு: யாருக்காக எழுதுவது, யார் கருத்தை ஏற்பது?

வயல்வெளி:
எங்கள் ஊர் மக்களுக்காகப் பாம்புக்கடி முதலுதவி பற்றிச் சிறு கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வயலில் வேலை செய்வோர், பள்ளிப் பிள்ளைகள், கிராம சுகாதார செவிலியர் ஆகிய அனைவருக்கும் அது பயன்பட வேண்டும் என்பது என் எண்ணம். வரைவைப் படித்த மருத்துவர், இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையையும் விஷமுறிவு மருந்தின் அளவையும் சேர்க்கச் சொல்கிறார். தமிழாசிரியர் ஒருவர் நடையை மெருகேற்றச் சொல்கிறார். நாற்று நடும் அக்காவோ, "நல்லாத்தான் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது?

மருதம்:
ஐயா, கடிபட்டவரின் அருகில் பதறி நிற்கும் வீட்டாரை மட்டும் வாசகராக வைத்துக்கொள்ளுங்கள். சோதனையும் மருந்தளவும் மருத்துவமனையில் முடிவாகிறவை. செவிலியருக்கு வேண்டுமானால் தனித்தாள் போடலாம். அதற்காக மருத்துவரை ஒதுக்கிவிட வேண்டாம். எதைச் சேர்க்கலாம் என்று கேட்காமல், எழுதியதில் எது தவறு, எது விடுபட்டால் உயிருக்கு ஆபத்து என்று அவரிடம் கேளுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. கடிவாயில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது என்பதால், விடியும் வேளையில் வரும் வயிற்றுவலியை அஜீரணம் என்று எண்ணி, கண்ணிமை தொங்கத் தொடங்கும்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கையேட்டில் இதைச் சொல்லும் பத்தியின் ஒவ்வொரு சொல்லையும் மருத்துவர் சரிபார்த்தாக வேண்டும்.

கரைவழி:
அந்த அக்கா சொன்னது மரியாதைக்குச் சொன்ன சொல். எப்படி இருக்கிறது என்று கேட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கையேட்டை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, "நள்ளிரவில் உங்கள் மகனைப் பாம்பு கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவேன் என்று அவர் சொன்னால், நீங்கள் எழுதியது போய்ச் சேரவில்லை என்று பொருள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது என்பவற்றை முதல் பக்கத்திலேயே தனித்தனி வரியாக வையுங்கள். காலை அசையாமல் வைக்கக் குச்சி வைத்துக் கட்டச் சொல்லும் இடத்தில், துணி தளர்வாக இருக்க வேண்டும் என்பதைப் படத்தோடு காட்டுங்கள். இல்லாவிட்டால் அதையும் இறுக்கித்தான் கட்டுவார்கள்.

நெடுந்தெரு:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். தமிழாசிரியரைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அழகுபடுத்தும் வேலையை விடுத்து, ஒரே மூச்சில் வாய்விட்டுப் படிக்க முடியாத வாக்கியங்களை அடையாளமிட்டுத் தருமாறு அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் பல வீடுகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதே வழக்கம். வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் தடுக்கினால், அவர்கள் சொல்லும் திருத்தங்கள் வேறுபட்டாலும் அந்த இடத்தை மாற்றியே ஆக வேண்டும். எப்படி மாற்றுவது என்பது உங்கள் பொறுப்பு. மந்திரிப்பதைக் கடுமையாகச் சாடுமாறு சிலர் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் அந்த நம்பிக்கை உள்ளவர் கையேட்டை மூடிவிடுவார். முதலில் 108-ஐ அழையுங்கள், வேறு எதுவானாலும் மருத்துவமனையில் சேர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினால் அவரும் கேட்பார்.